தொழில் என்ற கட்டம்

இங்கிலாந்துத் தோழி ஒருத்தி, ஐந்து தலைமுறைக்கு முன் தன் குடும்பத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணைத் தேடினாள். லங்காஷயர் பருத்தி ஆலையில் வேலை செய்தவள் என்பது மட்டுமே பாட்டிமார் வாய்வழி எஞ்சிய சேதி. தேவாலயப் பதிவேடுகளின் நகல்களை அவளோடு உட்கார்ந்து நானும் படித்தேன். அவள் பெயரைத் தேடினாள். நான் பதிவேட்டையே ஒரு பிரதியாகப் படித்தேன். யார் எழுதியது? எதை விட்டுவிட்டு எழுதியது?

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஊர்தோறும் பாதிரியார் பதிந்துவைக்க வேண்டும் என்று 1538இல் ஆணையிட்டவர், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவுக்கு அச்சிட்ட கட்டங்கள் வந்தன: குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடும்பப்பெயர், வசிப்பிடம், தொழில். தொழிலுக்கு ஒரே கட்டம். அதில் நிற்பது பெரும்பாலும் தகப்பனின் தொழில்தான்: நெசவாளி, கூலியாள், சுரங்கத் தொழிலாளி. விடியலிலிருந்து இருட்டும்வரை ஆலையில் நின்றவளின் உழைப்புக்கு அங்கே இடமில்லை. அவளுடைய பிறந்தவீட்டுப் பெயரைக் கேட்கும் கட்டமும் இல்லை.

தாய்க்கு அந்தக் கட்டம் திறந்தது வேறொரு காரணத்துக்காக. தகப்பன் பெயர் இல்லாத குழந்தை என்றால், தொழில் கட்டத்தில் ‘மணமாகாதவள்’ என்று எழுதிய பாதிரியார்கள் பலர். நாங்கள் தேடியவளின் முதல் குழந்தைக்கும் அப்படித்தான் எழுதியிருந்தது. தோழி சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “இதை விட்டுவிடலாமா?” என்றாள்.

விடக்கூடாது என்றேன். அந்தச் சொல்லில் ஒழுக்கம் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. ஆதரவற்ற குழந்தையைக் காக்கும் செலவு ஊர்வரியின் தலையில் விழும். அதனால்தான் தகப்பனைத் தேடிப் பிடித்துப் பணம் கட்டவைத்தார்கள். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் அந்தச் சுமையைத் தாயின் மீதே திருப்பியது.

பிறகு அவளுடைய திருமணப் பதிவு கிடைத்தது. 1754 முதல் மணமக்கள் கையொப்பமிடுவது சட்டம். அங்கேதான் அவளுடைய பிறந்தவீட்டுப் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. படிப்பறியாதவள் என்று உடனே முடிவுகட்ட முடியாது. வாசிக்கக் கற்றபின்தான் எழுதக் கற்பிப்பார்கள். ஏழைப் பெண்களில் பலர் வாசிப்போடு நின்றவர்கள். நாங்கள் பார்த்த தாள்களில் அவள் கைபட்ட இடம் அது ஒன்றுதான்.

பதிவேடு விட்டுவிட்ட உழைப்பைப் பாட்டிமாரின் பேச்சு காத்தது. அந்தப் பேச்சு மறைத்த குழந்தையைப் பதிவேடு காத்தது. ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் பாதிப் பெண்தான் கிடைத்திருப்பாள். இரண்டையும் சந்தேகத்தோடு சேர்த்துப் படிப்பதைத்தான் நான் பெண்ணிய வாசிப்பு என்கிறேன்.

தோழி தன் குடும்ப மரத்தில் அந்த முதல் குழந்தையைச் சேர்த்தாள். தாயின் பெயருக்குக் கீழே, தொழில்: ஆலைத் தொழிலாளி என்று எழுதினாள்.