தெய்வமாக்கப்படாத தந்தை

பெருமூளை வாதத்தோடு பிறந்த குழந்தையைத் தலைவிதி என்றும், பெற்றோர் செய்த பாவத்தின் பலன் என்றும் பேசுவோர் நமது கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் இன்றும் உளர். கருவிலோ, பிரசவ வேளையிலோ, பிறந்த சின்னாட்களிலோ மூளைக்கு நேர்ந்த சேதமே அந்நிலைக்குக் காரணம். அஃது உடலின் அசைவைக் கெடுக்கும். அறிவு சிறிதும் குன்றாதவரும் அவர்களுள் உண்டு. மருத்துவம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், விருந்தினர் வந்தால் குழந்தையைப் பின்கட்டில் மறைக்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. இவ்வெட்கத்தின்முன் இலக்கியம் என்ன செய்யக்கூடும்? இவ்வினாவோடுதான் ஜப்பானிய ஆசிரியர் கென்சாபுரோ ஓயேயின் நாவலொன்றை நாம் படித்தோம்.

1963இல் ஓயேயின் மூத்த மகன் ஹிகாரி மூளைக் குறையோடு பிறந்தான். அது பெருமூளை வாதமன்று. மண்டையோட்டின் வழியே மூளை புடைத்திருந்தது. ஆயினும் பெற்றோர் படும் பாடு ஒன்றே. மறு ஆண்டு வெளிவந்த நாவலுக்கு, 'சொந்த அனுபவம்' எனப் பொருள்படும் பெயரிட்டார் ஓயே. 1968இல் ஜான் நேதன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையே நாம் கண்டோம்.

கதாநாயகன் 'பறவை' என்றழைக்கப்படும் 27 வயது ஆசிரியன்; ஆப்பிரிக்கா செல்லக் கனாக் காண்பவன். குழந்தையின் நிலையறிந்ததும் மதுவிலும், பழைய தோழியொருத்தியிடத்தும் அடைக்கலம் புகுகிறான். பாலுக்குப் பதில் சர்க்கரை நீர் கொடுத்துக் குழந்தையை மெல்லச் சாகவிடும் ஏற்பாட்டுக்கும் உடன்படுகிறான். குழந்தையோ சாக மறுக்கிறது! முடிவில் மனந்திரும்பி, அறுவைச் சிகிச்சைக்கு அதனை ஒப்படைக்கிறான்.

நம் கதைகளில் இத்தகைய பெற்றோர் தெய்வமாக்கப்படுகின்றனர். தெய்வத்துக்கு எவர் உதவ முன்வருவர்? ஓயே தந்தையை மனிதனாகவே காட்டினார். 'இது இறந்துவிட்டால் நலம்' என்று ஓரிரவு எண்ணியதற்காக ஆயுள் முழுதும் தம்மையே நொந்துகொள்ளும் பெற்றோர்க்கு இந்நேர்மை பெருந்துணையாகும்.

குறைகளும் உண்டு. முடிவு திடீரென இனிக்கிறது. குழந்தையைச் சாகவிட்ட தந்தையொருவனைப் பற்றி அதே 1964இல் ஓயே வேறொரு சிறுகதையும் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே அவர் உள்ளம் முழுதும் விளங்கும். இதனினும் பெரிய குறை, தாயைப் பற்றியது. கதை நடக்கும் நாட்களில் அவள் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடக்கிறாள். அவள் மனம் நமக்குத் தெரிவதேயில்லை.

நாம் கிராணி வேலை பார்ப்பவர். நடக்கவியலாத மகனைத் தாய் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும் நாளில், செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறிப்போம். அன்றைய சம்பளம் போயிற்று. காரணம் எழுத அதில் இடமில்லை. அவ்விடத்தில் எழுதவேண்டியதை எழுதும் நாவலைத் தமிழில் நாம் எதிர்பார்க்கிறோம்.

பறவைக் குரல்களைக் கூர்ந்து கேட்டு வளர்ந்த ஹிகாரி பின்னர் இசையமைப்பாளர் ஆனார். தந்தை 1994இல் நோபெல் பரிசு பெற்று, 2023இல் மறைந்தார். ஆனால் இசை அமைத்ததனாலா ஹிகாரியின் உயிர் மதிப்புற்றது? அன்று. ஒன்றும் அமைக்காத குழந்தைக்கும் முன்வாசலில் உட்கார உரிமையுண்டு. உடற்குறையுடையோர்க்கென மலேசியாவில் 2008இல் சட்டமே வந்துவிட்டது. பின்கட்டுக் கதவைத் திறக்க வேண்டியவர் நாமன்றோ?