செய்வினையும் தேர்தலும்: புகார்ச் சிலம்பின் உட்புறம் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கோவலன் கொலைக்குக் காரணம் ஊழா, அரசனின் ஆராயாமையா என்பது சிலப்பதிகாரத் திறனாய்வில் நெடுநாளைய வினா. சிலம்பைக் கைவினைப் பொருளாக நோக்கின், காப்பியம் இவ்வினாவுக்குத் தரும் விடை தெளிவுபெறும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், புகார், சிலம்பு, பரல், தேர்தல்.

முன்னுரை

காலில் அணிவிக்கும் பொருள் உரிமைக்குச் சான்றாவது மாந்தரிடத்து மட்டும் காணப்படுவதன்று. 13ஆம் நூற்றாண்டில் குப்ளாய் கானின் அரசவையைக் கண்ட மார்க்கோ போலோ, வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளின் காலில் உடையவர் பெயரும் காப்பவர் பெயரும் எழுதிய சிறு தகடு கட்டப்பட்டிருந்ததைக் குறிப்பிடுகிறார். வழிதவறிய பறவை அதனைக் கொண்டே உரியவரிடம் சேர்க்கப்பட்டது. அங்குச் சான்று வெளிப்புறத்தில் உள்ளது. எழுத்தறிந்த எவரும் படிக்கலாம். புகாரிலிருந்து மதுரைக்குச் சென்ற கண்ணகியின் சிலம்பிலோ சான்று உள்ளே மறைந்துள்ளது. வழக்கின் போக்கை இவ்வேறுபாட்டின்வழி விளக்கலாம்.

செய்வினை

கொலைக்களக் காதை சிலம்பின் வேலைப்பாட்டை விரித்துரைக்கிறது. மணியும் வயிரமும் பதித்த கேவணம், பசும்பொன், குடைச்சூல் ஆகியன அங்குச் சுட்டப்படுகின்றன. கேவணம் கல் பதிக்கும் குழி. குடைச்சூல் குடைவான உட்புறம். கேவணத்தின் அழகு கண்ணுக்குரியது. உள்ளிட்ட பரலோ ஒலியாக மட்டுமே வெளிப்படும். அது முத்தா, மாணிக்கமா என்பது புறத்தே புலனாகாது. பொற்கொல்லன் செய்வினை முழுவதையும் கூர்ந்து நோக்கி, தான் முன்னரே கவர்ந்த அரசியின் சிலம்புக்கு மாற்றாக இதனைக் காட்டத் துணிகிறான். அணிகலனை மதிப்பிட வல்லவன் என்று அரசன் நம்பியவனே கள்வனாக இருப்பது இவ்வழக்கின் அடிப்படைக் கோளாறு.

தேராமை

சிலம்பு கள்வன் கையில் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்பது அரசாணை. பொருள் கையிலிருப்பதே குற்றத்துக்குச் சான்றாகிறது. கோவலனின் தோற்றம் கண்ட காவலர் அவனைக் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். கொல்லன் களவு நூல் காட்டி அதனை மறுக்கிறான். இரு தரப்பாரும் புறத்தோற்றத்தையே வாதிடுகின்றனர். சிலம்பின் உள்ளீடு என்ன என்று எவரும் வினவவில்லை.

வினை விளையும் காலமாதலின் மன்னன் தேரானாயினான் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். ஊழை வற்புறுத்துவோர் இதன் முற்பகுதியிலேயே நின்றுவிடுகின்றனர். வழக்குரை காதையில் கண்ணகி மன்னனை விளிக்கும் முதற்சொல் தேராமையையே குற்றமாகச் சாட்டுகிறது. தொடர்ந்து அவள் தன் ஊரைப் புறாவின் துயர் தீர்த்த சிபியின் ஊராக அறிமுகப்படுத்துகிறாள். புறாவுக்கு உயிர்மேல் உரிமை, பருந்துக்கு இரைமேல் உரிமை. புறநானூறு போற்றும் சிபி இரண்டுக்கும் இடையே துலாம் புகுந்தவன். எனவே சிபியின் பெயர் ஊர்ப்பெருமை கூறுவதோடு, நிறுத்துப் பார்க்கும் நீதிக்கு முன்மாதிரியாகவும் நிற்கிறது.

இணைச்சிலம்பில் ஒன்று கண்ணகியின் கையில் உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட அவள் முனையவில்லை. புற ஒப்புமை கொல்லனின் சூழ்ச்சிக்கே துணைநின்றமையின் அது போதிய சான்றாகாது. ஆகவே அவள் உள்ளீட்டைக் கூறுகிறாள்: தன் சிலம்பின் பரல் மாணிக்கம். மன்னனும் தயக்கமின்றித் தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான். இவ்விடை முதன்மையானது. வழக்கைத் தீர்க்கும் செய்தியைப் பிறரிடம் கேட்டறிய வேண்டிய நிலையில் அரசன் இல்லை. ஆணையிடும் முன் அதனை எண்ணிப் பார்க்கவில்லை என்பதே அவன் பிழை. சிலம்பு உடைந்து மணி தெறித்தபோது அவன் தன்னையே கள்வன் என்று கூறி உயிர் நீப்பது இப்பிழையை உணர்ந்தமையாலாகும்.

முடிவுரை

பதிகம் கூறும் மூன்று உண்மைகளுள் அரசியல் பிழையும் ஊழும் தனித்தனியே இடம்பெறுகின்றன. ஒன்றை மற்றொன்றில் அடக்குவது காப்பியத்தின் அமைப்புக்கு ஒவ்வாது. ஊழ் சூழலை அமைக்கிறது. சூழலுக்குள் தேர்தல் அரசனின் கடமையாகவே எஞ்சுகிறது. தேர்தல் என்னும் சொல் ஆராய்தலையும் தெரிந்தெடுத்தலையும் ஒருங்கே குறிக்கும். ஆராயாமல் தெரிந்தெடுத்த தீர்ப்பின் விலையைப் புகார்ச் சிலம்பின் பரல் அவையறியக் காட்டுகிறது.