கணக்கேட்டின் இடப்பக்கம்

நம் நாட்டு வகுப்பறைகளில் கணக்குக் குறிப்பேடு புதுக்கோலம் பூண்டு வருகிறது. விரித்த ஏட்டின் வலப்பக்கம் ஆசிரியர் தரும் விதிக்கும் எடுத்துக்காட்டுக்கும் உரியது. இடப்பக்கம் மாணாக்கன் தானே எண்ணிப் பார்த்து எழுதவும் வரையவும் விடப்படுவது. மடித்து ஒட்டிய தாள்களும், சுழலும் வட்டங்களும், திறந்து மூடும் சிறு கதவுகளும் அதில் இடம் பெறும். ஊடாட்டக் குறிப்பேடு என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் வரலாறு கற்பிப்போரிடையே பரவிய இம்முறை பின்னர்க் கணக்குக்கும் வந்து சேர்ந்தது. இது நன்றா தீதா என்று பொதுப்படக் கேட்பதினும், பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று முதலாம் படிவத்தில் கால் வைக்கும் பிள்ளைக்கு இது யாது செய்யும் என்று கேட்பதே நமக்குப் பொருந்தும்.

அண்மையில் ஜெலுத்தோங்கில் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தன் கணக்கேட்டைப் பெருமையுடன் கொணர்ந்து காட்டினான். பின்னங்களுக்கென ஒரு வண்ணச் சக்கரம் ஒட்டியிருந்தான். நல்ல வேலைப்பாடு. "முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா?" என்று கேட்டேன். சக்கரத்தை இரண்டு மூன்று முறை சுழற்றினான். "மூன்றில் இரண்டு இதில் இல்லையே, தாத்தா" என்றான். உண்மைதான். சக்கரத்தில் அரையும் காலும் அரைக்காலுமே இருந்தன. அவன் தோழன் ஏட்டிலும் அதே சக்கரம் அதே நிறத்தில் இருந்ததாம். அச்சிட்ட தாளை வெட்டி ஒட்டவே ஒரு பாடவேளை முழுவதும் சென்றதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். இங்கே சுரைக்காய்க்கு வண்ணமும் தீட்டியாயிற்று.

குறை அச்சிறுவனுடையதன்று. இடப்பக்கம் அவனுக்கு உரியது என்று சொல்லிவிட்டு, அதனையும் ஆசிரியரே நிரப்பிக் கொடுத்ததே குறை.

மாணாக்கன் தன் கணக்கேட்டைத் தானே ஆக்கிக்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் பொன்னிலக்கம் கற்றான், பின் நெல்லிலக்கம், அதன் பின் எண்சுவடி. மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்து, மனத்தில் நின்றபின் ஓலையில் எழுத்தாணியால் பொறித்தான். செந்தில் பாபு இச்சுவடிகளையும் அவற்றின் வழிக் கற்ற முறையையும் ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலை 2022-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அந்நூலைக் கற்பார்க்கு, எண்சுவடி வெறும் வாய்பாட்டுத் தொகுதி அன்று, நினைவைப் பயிற்றும் கருவி என்பது விளங்கும். மணலில் எழுதும் வழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், அதனை எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக எழுதினார். மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பிக்கும் 'மதராஸ் முறை' மேனாடுகளில் பரவியது இவ்வழியேயாகும்.

பழமை என்பதற்காக மட்டும் இதனைப் போற்றுதல் தகாது. திண்ணைப் பள்ளியில் பிரம்பு ஓயவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கும் பெண்மக்களுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. ஏன் என்று கேட்பதைவிட எத்தனை என்று ஒப்பிப்பதே அங்கே மிகுதி. ஆயினும் ஒரு சிறப்பை மறுத்தல் இயலாது. பிள்ளை ஓலையில் எழுதியது அவன் தலையினுள் இருந்தது. ஒட்டுத்தாள் ஏட்டைப் பற்றி அவ்வாறு துணிந்து கூற என்னால் இயலவில்லை.

அவ்வெண்சுவடியிலேயே இடப்பக்கத்திற்கு வேண்டிய சரக்கு நிரம்ப உண்டு. இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று வீசம். எண்பதில் ஒன்று காணி. நான்கு காணி ஒரு மா, ஐந்து காணி ஒரு வீசம். இருபதுக்கும் பதினாறுக்கும் மீச்சிறு பொது மடங்கு எண்பது என்பதை இன்று முதலாம் படிவத்தில் கற்பிக்கிறோம். நிலமும் நெல்லும் பங்கிட்ட நம் முன்னோர் அதற்கு ஒரு பெயரே இட்டு வைத்தனர். மாவும் வீசமும் கூடினால் எவ்வளவு என்று கேளுங்கள். காணியாக மாற்றினால் ஒன்பது காணி, அதாவது எண்பதில் ஒன்பது. பகுதி எண்ணை ஒன்றாக்குவது எதற்கு என்னும் கேள்விக்கு இதனினும் தெளிந்த விடை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஒரு வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டதென்றால் நம் வீட்டுப் பெரியோர் "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்பர். சொல்பவரும் கேட்பவரும் இதனை ஒரு கூட்டல் கணக்கென்று நினைப்பதில்லை. முக்காலோடு பதினாறில் மூன்றைக் கூட்டினால் பதினாறில் பதினைந்து. எஞ்சியது ஒரே வீசம். இதனை ஒரு பிள்ளை தானே கண்டு, பதினாறு கட்டம் வரைந்து, பதினைந்தை நிழலிட்டுத் தன் இடப்பக்கத்தில் வைத்தால், அதற்குப் பசையும் வேண்டா, வண்ணத்தாளும் வேண்டா.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் இங்கு உதவும். பலாப்பழத்தை அறுக்காமல் சுளையை எண்ணும் வழி ஒன்று அந்நூலால் பெயர் பெற்றது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். ஐம்பது முள் எனில் அறுபது சுளை. மேடைகளில் இதனைச் சொல்லி வியந்து கைதட்டுகிறோம். ஒருவரேனும் பழத்தை அறுத்துப் பார்த்ததாக நான் கேட்டதில்லை! பாலிக் பூலாவில் பழத்திற்கா பஞ்சம்? விதியை வலப்பக்கம் எழுதட்டும். பழங்கள் சிலவற்றை அறுத்து, முள்ளும் சுளையும் எண்ணி, விதி எத்தனை பழத்தில் ஒத்தது, எத்தனையில் பிழைத்தது என்று இடப்பக்கம் பதியட்டும். பிழைத்தால் காரிநாயனாருக்கு இழுக்கில்லை. சோதித்து எழுதும் பழக்கம் பிள்ளைக்கு வரும்.

மொழியைப் பற்றிய பேச்சு இனித் தவிர்க்க இயலாதது. 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியதையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் பிறப்பாகக் கொண்டு, 2016-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை அனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. 2003-இல் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவு செய்தது. கணக்கு மீண்டும் தமிழுக்கு வந்தது. ஆறாம் ஆண்டு வரை 'பின்னம்' என்று கற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் 'பெச்சஹான்' என்று கேட்டுத் திகைக்கிறது. அதற்குத் தெரிந்த கணக்கே தெரியாத கணக்காகிவிடுகிறது. ஆசிரியரும் அதனைக் கணக்கில் பின்தங்கிய பிள்ளை என்று எண்ணிவிடக்கூடும். இவ்வாறு ஓராண்டு இழந்தபின் கணக்கையே வெறுத்தவர் நம்மிடையே சிலரல்லர்.

ஆதலின் வலப்பக்கம் பள்ளி மொழியிலும், இடப்பக்கம் பிள்ளை எண்ணும் மொழியிலும் இருக்கலாம் என்பது என் கருத்து. இடைநிலைப்பள்ளியில் தமிழ் அறியாத ஆசிரியர் அதனை எவ்வாறு திருத்துவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. கட்டமும் கோடும் இலக்கமும் எம்மொழியார்க்கும் விளங்கும். சொற்களை அவர் திருத்த வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆறாம் ஆண்டின் இறுதித் திங்களில் பின்னம், மடங்கு, காரணி முதலிய சொற்களுக்கு நேரே மலாய்ச் சொற்களையும் எழுதச் செய்து, அவ்வேட்டையே பிள்ளை கையில் கொடுத்து அனுப்பலாம். இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

அச்சிறுவனை மறுநாளும் கண்டேன். பன்னிரண்டு கட்டம் வரைந்து, ஒன்பதையும் எட்டையும் வேறு வேறு கோடிட்டுக் காட்டினான். வண்ணம் தீட்டவில்லை. பென்சிலால் வரைந்திருந்தான், ஓரிடத்தில் அழித்த கறையும் இருந்தது. "முக்கால்தான் பெரிது, ஒரு கட்டம் கூட" என்றான். அதனை ஏட்டில் ஒட்டலாமா என்று கேட்டான். ஒட்ட வேண்டா, ஏட்டிலேயே மீண்டும் வரை என்றேன்.