சால்மன் என்னும் உவமை

புகலிடக் கவிதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் சால்மன் மீனைச் சந்திக்காமல் தப்பமுடியாது. கடலெல்லாம் திரிந்துவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சலடித்துத் திரும்பும் மீன். ஊர் திரும்பத் துடிக்கும் நாம். உவமை அழகானது. அது உண்மைதானா என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

நான் வசிக்கும் சான்பிரான்சிஸ்கோ விரிகுடா வழியாகத்தான் சினூக் சால்மன்கள் சக்ரமெண்டோ ஆற்றுக்கு ஏறுகின்றன. ஆற்றுக்குள் வந்தபின் அவை இரையெடுப்பதில்லை. முட்டையிட்டதும் செத்துப்போகின்றன. நமது கவிஞர்கள் திரும்புதலை எடுத்துக்கொண்டு சாவை விட்டுவிட்டார்கள்.

இரையெடுக்காத மீனை எப்படிப் பிடிப்பது? கொக்கியில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய 'ஃப்ளை' என்ற பொய்ப்பூச்சியை அதன் முகத்துக்கு நேரே ஓடவிடுகிறார்கள். பசியில்லாமலே கவ்வுகிறது. எரிச்சலா, கடலில் வேட்டையாடிய பழைய பழக்கமா என்று இன்னும் தர்க்கிக்கிறார்கள். விக்டோரியா காலத்துச் சால்மன் ஃப்ளைகளில் தென்னிந்தியக் காட்டுக்கோழியின் கழுத்திறகுக்குத் தனி மதிப்பு. நமது ஏக்கக் கவிதைகளும் அப்படித்தான். இறகு நம்முடையது, உள்ளே இரை இல்லை, ஆனாலும் கவ்வுகிறோம். நானும் கவ்வியிருக்கிறேன்.

கவிதைகளில் வராத இன்னொன்று அணை. 1945இல் கட்டி முடிந்த, 602 அடி உயரமான சாஸ்டா அணையில் மீன் ஏற வழி வைக்கவில்லை. அதற்கு மேலேயிருந்த மெக்ளவுட் ஆறு சால்மனுக்கு இல்லாமற்போனது. அக்கரையின் பூர்வகுடிகளான வின்னமெம் வின்டு மக்களின் ஊர்களும் மூழ்கின. ஆனால், 1900களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து நியூசிலாந்துக்கு அனுப்பிய முட்டைகள் அங்கே பல்கிப் பெருகியிருந்தன. 2010இல் அம்மக்கள் ரக்காயா ஆற்றங்கரைக்குப் போய், மீன்களிடம் மன்னிப்புக் கேட்டு ஆடினார்கள். 2022இல் சக்ரமெண்டோவின் குளிர்கால சினூக் முட்டைகள் மீண்டும் மெக்ளவுட்டில் பொரிக்க வைக்கப்பட்டன. பொரித்த குஞ்சுகளைப் பிடித்து, லொறியில் ஏற்றி, அணைக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள்.

இதில் ஊர் திரும்பியது யார்? ரக்காயாவில் பிறந்த மீனுக்கு ரக்காயாதான் ஊர். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த விரிகுடா போல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கோ உயர்பாதுகாப்பு வலயமே அணையாக நின்றது. திரும்பமுடியாமல் போனது அவர்களது மனவுறுதி போதாமல் அல்ல. மீனின் வீரத்தை மட்டும் பாடும் கவிதை, அணை கட்டியவனைத் தப்பவிடுகிறது.

சால்மனை எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. அணையோடும் சாவோடும் வேறு ஆற்றில் பிறந்த குஞ்சுகளோடும் சேர்த்து எழுதுங்கள்.