கணினித் திரையிற் சித்திரக்கதை: வாசிப்பும் உடைமையும்

சித்திரக்கதைகளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இரு திறத்தாரின் மறுப்புகள் முன்வந்து நிற்கின்றன. ஒரு சாரார், அவை சிறுவரின் பொழுதுபோக்கு, இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் வரத் தகுதியற்றவை என்பர். மற்றொரு சாரார், கணினித் திரையிற் படிப்பது வாசிப்பே ஆகாது, தாளின் மணமும் ஏட்டின் நிறையும் இல்லாத இடத்தில் நூல் இல்லை என்பர். இவ்விரு கருத்துகளும் ஒரே தவற்றின் இரு முகங்கள். ஒரு கலைப்படைப்பை அதன் உள்ளடக்கத்தாலும் சமூக உறவுகளாலும் எடைபோடாது, அது வந்து சேரும் கலத்தைக் கொண்டு எடைபோடும் தவறே அது. வீட்டுக் கணினிகளில் ஆயிரக்கணக்கிற் சேர்ந்து கிடக்கும் பழஞ் சித்திரக்கதைகளை வாசிப்பவர் இன்று உலகெங்கும் உளர். அவ்வாசிப்பின் தன்மை யாது, அதனாற் பெறுவது யாது, இழப்பது யாது என்று ஆராய்வது விமர்சகனின் கடமையாகின்றது.

முதலில் பொருளை இனங்கண்டு கொள்வோம். கணினியில் உலவும் சித்திரக்கதைக் கோப்பு எவ்வித மந்திரமும் அன்று. ஓர் இதழின் பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து, படங்களுக்கு வரிசை எண்ணிட்டு, ஒரே பொதியாகக் கட்டி வைத்தால் அதுவே சிபிஸெட் எனப்படும் கோப்பு. சாதாரண ஸிப் பொதிக்கு வேறு பெயர் சூட்டியதே அது. ரார் பொதியாயின் சிபிஆர். எண்ணிட்டவர் ஒன்று, இரண்டு, பத்து என்று சுழியமின்றி எழுதிவிட்டால், சில மென்பொருள்கள் முதலாம் பக்கத்தின் பின் பத்தாம் பக்கத்தைக் காட்டும்; கொலையாளி யார் என்பது கொலைக்கு முன்னரே தெரிந்துவிடும். இவ்வளவு எளிய தொழில்நுட்பம் என்பதனாலேயே, எந்தக் கொம்பனியின் அனுமதியையும் வேண்டாது சாதாரண வாசகர் இதனைத் தம் கையில் எடுத்துக்கொள்ள முடிந்தது. இவ்வெளிமை பின்னர் வரும் வாதத்துக்கு முக்கியமானது.

அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்கள் மலிவான தாளில், மலிவான மையில், பத்துச் சத விலைக்கு விற்கப்பட்டவை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வாங்கிப் படித்து, கைமாற்றி, கிழித்து எறிந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழந்தாள் சேகரிப்பு இயக்கங்கள் எஞ்சியவற்றையும் கூழாக்கின. இவ்வாறு எல்லோர்க்கும் உரியதாயிருந்த பொருள் அரிய பொருளாயிற்று. அரிய பொருள் செல்வரின் முதலீடாயிற்று. 1938ஆம் ஆண்டு சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய அக்ஷன் கொமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி, 2014இல் முப்பத்திரண்டு இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. இத்தகைய பிரதிகளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையுள் முத்திரையிட்டு வைப்பது வழக்கம். உறையைப் பிரித்தால் விலை குறையும். ஆதலின் வாங்கியவனும் அதனைப் படிப்பதில்லை. முதலாளித்துவச் சந்தை ஒரு நூலுக்குச் செய்யக்கூடிய கொடுமை இதனினும் பெரிதொன்றில்லை.

எண்ணிமப் பிரதி இந்தக் கொடுமைக்கு விடையாக வந்தது. பதிப்புரிமை காலாவதியான பழைய இதழ்களைத் தன்னார்வலர் ஸ்கான் செய்து இலவசமாக வழங்கும் டிஜிட்டல் கொமிக் மியூசியம் போன்ற தொகுப்புகளால், பத்துச் சத இதழ் மீண்டும் எல்லோர் கைக்கும் எட்டியுள்ளது. எங்கள் ஈழத்திலே, 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் ஆற்றிவரும் பணியின் அருமை அறிந்தவர்க்கு, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை மறவாதவர்க்கு, இதன் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது அழியும். பல வீடுகளில் பல பிரதியாக இருப்பது வாழும்.

இனிக் கலையின் பக்கம் திரும்புவோம். சித்திரக்கதையின் அலகு எது? தனிக்கட்டம் என்பர் சிலர். அன்று, பக்கமே அதன் அலகு. கட்டங்களின் அகலமும் குறுக்கமும், அவற்றிடையே விடப்பட்ட வெளியும், பக்கத்தின் முடிவில் ஏட்டைப் புரட்டும் கணமும் ஒன்றோடொன்று இணைந்தே பொருள் தருகின்றன. 1955இல் இசி நிறுவனம் வெளியிட்ட இம்பாக்ற் முதல் இதழில் பேர்னாட் கிறிக்ஸ்ரைன் வரைந்த ‘மாஸ்ரர் ரேஸ்’ என்னும் கதை இதற்குத் தக்க சான்று. நாஸி வதைமுகாமின் முன்னாள் அதிபதி ஒருவன் நியூயோர்க்கின் சுரங்க ரயிலில், தன் கொடுமைக்குத் தப்பியவன் போலத் தோன்றும் ஒருவனை எதிர்கொள்ளும் கதை அது. ஓவியருக்கு ஒதுக்கப்பட்டவை ஆறு பக்கங்கள். அவர் வாதாடி எட்டாக்கினார். ஏன்? அவன் தண்டவாளத்தை நோக்கி விழும் ஒரு கணத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஓடும் ரயிலின் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மின்னவிட்டு, காலத்தையே பக்கத்தில் விரிப்பதற்காக. அக்கீற்றுகளின் ஒடுக்கமே அங்கு பொருள்.

இக்கதையைக் கணினித் திரையில் இரு விதமாகப் படிக்கலாம். முழுப்பக்கத்தையும் திரைக்குள் அடக்கினால் ஓவியரின் அமைப்புத் தெரியும். ஆயின் அகலவாட்டான திரையில் நெடுவாட்டான பக்கம் சிறுத்து, எழுத்துகள் கண்ணை வருத்தும். மாறாக, வணிக மென்பொருள்கள் வழங்கும் முறைப்படி கட்டங்கட்டமாகப் பெருப்பித்துப் பார்த்தால் எழுத்துத் தெளியும், பக்கம் மறையும். மயிரிழை போன்ற கீற்றும் அகன்ற கட்டமும் ஒரே திரையை நிறைக்கும்போது, கலைஞன் வேண்டிப் பெற்ற வேறுபாடு அழிந்துபோகிறது. வாசகனின் கண் எங்கே தங்க வேண்டும், எங்கே விரைய வேண்டும் என்பதை இயந்திரம் தீர்மானிக்கின்றது. இது வாசிப்பன்று, வழிநடத்தப்படுதல். திரையை நிமிர்த்தி வைத்தோ, பெரிய திரையிற் பார்த்தோ, சற்றுப் பொறுமையோடு மேலும் கீழும் நகர்த்தியோ முழுப் பக்கத்தையும் முதலிற் காண்பதே படைப்புக்குச் செய்யும் நியாயம்.

திரைக்குக் குறையுண்டு என்பதனால் தாளிலே வரும் மறுபதிப்புகள் எப்பொழுதும் உண்மையானவை என்று கொள்ளலாகாது. பளபளக்கும் வெண்தாளில் புதுவண்ணம் தீட்டி வெளியிடப்படும் விலையுயர்ந்த தொகுப்புகள் பல, பழைய அச்சின் புள்ளிவண்ணங்களையும் மங்கிய தாளின் சாயலையும் துடைத்துவிடுகின்றன. விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் நீக்கிவிடுகின்றன. 2000களின் நடுப்பகுதியில் ஜிஐரி கோப்பரேஷன், மார்வெல் நிறுவனத்தின் அனுமதியோடு ஸ்பைடர்மேன் முதலிய இதழ்களின் பல்லாண்டுத் தொகுப்புகளை இறுவட்டுகளாக விற்றபோது, விளம்பரங்களோடும் கடிதங்களோடும் இதழை முழுமையாக ஸ்கான் செய்து தந்தது. அவ்விளம்பரங்களைப் பார்க்கும் வாசகன், கதையை மட்டுமன்றி அக்கதை யாரை நோக்கி, எதனை விற்பதற்காக அச்சாயிற்று என்பதனையும் அறிகின்றான். சமூக வரலாற்று மாணவனுக்கு அதுவே பெரும் ஆவணம்.

ஆவணம் என்னும்போது அழகியவற்றை மட்டும் கருதுதல் பிழை. 1940களின் சித்திரக்கதைகளில் ஜப்பானியர், கறுப்பின மக்கள் ஆகியோரைப் பற்றிய இழிவான கேலிச்சித்திரங்கள் நிறைந்துள்ளன. ஃபோசெற் நிறுவனத்தின் கப்டன் மார்வெல் இதழ்களில் ஸ்ரீம்போட் என்னும் கறுப்பினப் பணியாள் பாத்திரம் அத்தகையது. 1945இல் நியூயோர்க் பாடசாலை மாணவர் குழு ஒன்று பதிப்பாசிரியரை நேரிற் சென்று கண்டு ஆட்சேபித்தது, அப்பாத்திரம் நீக்கப்பட்டது. விமர்சனம் என்பது அறிஞரின் தனியுடைமை அன்று, இதழை வாங்கிப் படித்த பிள்ளைகளும் அதனைச் செய்தனர் என்பதற்கு இது அழியாச் சான்று. அதே காலத்தில் வெளிவந்த ‘மொன்ஸ்ரர் சொசைற்றி ஒஃப் ஈவில்’ என்ற தொடர்கதையை, ஷசாம் திரைப்படம் வெளிவந்த 2019ஆம் ஆண்டை ஒட்டி நூலாக வெளியிடுவதாக டிசி நிறுவனம் அறிவித்து, மறுபரிசீலனைக்குப் பின் கைவிட்டது. வியாபாரிக்கு அது தகும். ஆயின், பழைய பக்கங்கள் எங்கும் கிடையாதொழிந்தால், மாணவர் எதனை எதிர்த்தனர் என்பதும் மறைந்துபோகும். குற்றத்தின் சான்று அழிந்த இடத்தில் எதிர்ப்பின் பெருமையும் நில்லாது.

இப்பொழுது உடைமை பற்றிய வினா. சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்ரரும் 1938இல் 130 டொலருக்குத் தம் உரிமையை இழந்தனர். பல்லாண்டுப் போராட்டத்தின் பின், 1975இலேதான் ஆண்டுதோறும் ஒரு சிறு கொடுப்பனவும், படைத்தோர் என்ற பெயர்ப் பொறிப்பும் அவர்களுக்குக் கிடைத்தன. படைத்தவனிடமிருந்து பறித்த உடைமையை, இன்று வாசகனிடமிருந்தும் பறிக்க வழி காணப்பட்டுள்ளது. இறுவட்டை வாங்கியவன் அதனை வீட்டில் வைத்துக்கொண்டான். மார்வெல் 2007இல் தொடங்கிய சந்தா முறையிலோ, பணங் கட்டும் வரை மட்டுமே படிக்கலாம். சந்தா என்று சொல்லியே கொடுப்பதில் வஞ்சகமில்லை. விற்பனை என்று சொல்லிக் கொடுப்பதிலேதான் வஞ்சகம். ஜேமாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைக் கடை 2013இல் மூடப்பட்டபோது, விலைகொடுத்து வாங்கியவரும் தம் நூல்களைத் திறக்க முடியாதவராயினர். 2007இல் தோன்றிய கொமிக்ஸொலொஜியை 2014இல் அமெசன் வாங்கியது. 2023 டிசெம்பரில் அதன் தனிச் செயலி கிண்டிலுள் கரைந்தது. வாசகன் வாங்கியது நூலன்று, அனுமதி; அனுமதியின் திறவுகோல் வேறொருவர் கையில்.

ஆதலின் கள்ளப்பிரதி நியாயமாகிவிடுமா? இங்கு முற்போக்காளர் சிலர் எளிதில் வழுக்கி விழுகின்றனர். கொம்பனியைத் தண்டிப்பதாக எண்ணி, வாழும் ஓவியனின் கூலியிற் கைவைப்பது எவ்வகையிலும் புரட்சியாகாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தொழிலாளியே அவ்வோவியன். உரிமை காலாவதியான இதழையும், எங்கும் வாங்கக் கிடையாத இதழையும், சென்ற வாரம் வெளிவந்த இதழையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. இன்னொரு முரணும் நோக்கத்தக்கது. திருட்டுத் தொகுப்புகள் பலவற்றின் இறுதியில், ஸ்கான் செய்தவர் தம் புனைபெயரைக் கொட்டை எழுத்திற் பொறித்துச் சேர்த்திருப்பார். கதையை எழுதியவர் பெயரோ, வரைந்தவர் பெயரோ பழைய இதழிற் பலவேளை இராது. தமிழ் வாசகர்க்கு இது அந்நியமான செய்தியன்று. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து கொமிக்ஸ் வாயிலாக இரும்புக்கை மாயாவி எமது சிறுவரின் நாயகனானான். அவன் பிரித்தானிய வாரஇதழான வலியன்ற்றிலிருந்து வந்தவன் என்பதையும், அவனை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் என்பதையும் அக்காலத்தில் அறிந்திருந்தோர் எத்தனை பேர்? மாயாவியின் கையை அறிந்தோம். அக்கையை வரைந்த கையை அறிந்தோமில்லை. இன்று கணினி முன் அமர்ந்த வாசகன் ஒரு நிமிடத்தில் அப்பெயரைத் தேடிக் கோப்பின் தலைப்பிற் சேர்க்கலாம். சிறு செயல்தான், எனினும் உழைத்தவனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுக்கும் செயல்.

இறுதியாக, வாசகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபதாயிரம் இதழ்களைச் சேர்த்து வைத்து, ஒழுங்காகப் பெயரிட்டு, வரிசைப்படுத்தி, ஒன்றையும் படியாதிருப்பவனை நாம் அறிவோம். அவன், பிளாஸ்டிக் உறையுள் இதழை முத்திரையிட்ட செல்வனின் ஏழைச் சகோதரன். இருவர்க்கும் நூல் எண்ணிக்கையே, வாசிப்பு அன்று. இலவசமாகக் கிடைத்தது என்பதனால் பதுக்கல் பதுக்கலாகாது போய்விடாது.

கணினி சித்திரக்கதையைக் காக்கவும் வல்லது, சிதைக்கவும் வல்லது. காக்க வேண்டுமாயின் முழுப் பக்கத்தையும் காணும் பொறுமை வேண்டும். அழகோடு அழுக்கையும் காணும் நேர்மை வேண்டும். படைத்தவனின் பெயரையும் கூலியையும் மதிக்கும் நெறி வேண்டும். வாங்கியது வாங்கியவனிடமே நிலைக்க வேண்டும் என்று கேட்கும் துணிவு வேண்டும். 1945இல் பதிப்பாசிரியரின் மேசை முன் நின்ற அம்மாணவரிடம் பணபலமோ பதவியோ இருக்கவில்லை. அவர்கள் கவனமாக வாசித்திருந்தனர், அதுவே போதுமானதாயிற்று.