பரிசு பெறுவது கதையா, புத்தகமா?

யாழ்ப்பாணத்தில் சிறுகதை எழுதுகிறவருக்கு இன்று பரிசுகளுக்குக் குறைவில்லை. கொழும்பில் அரச சாகித்திய விருது இருக்கிறது. மாகாண மட்டத்தில் நூற்பரிசு இருக்கிறது. யாழ் இலக்கிய வட்டத்தோடு சேர்ந்து இயங்கும் இலங்கை இலக்கியப் பேரவையின் பரிசு, கொடகே நிறுவனத்தின் கையெழுத்துப் பிரதிப் போட்டி, கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் என்று வரிசை நீளும். பத்து ஆண்டு சோராமல் எழுதினால் ஏதோ ஒரு பொன்னாடை தோளில் விழாமல் போகாது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சிறுகதைக்குத் தரப்படுபவை அல்ல, சிறுகதைத் தொகுதிக்குத் தரப்படுபவை. இந்த வேறுபாட்டை நாங்கள் போதிய அளவு கவனித்ததில்லை என்பது என் எண்ணம்.

சிறுகதை தனித்தனியே பிறக்கிற வடிவம். ஞாயிறு வாரமலரில் ஒன்று வரும். ஆறு மாதம் கழித்து ஒரு சஞ்சிகையில் இன்னொன்று வரும். அதைப் பரிசின் வாசலுக்குக் கொண்டுபோகப் பத்துப் பன்னிரண்டு கதையாவது சேரவேண்டும். பிறகு அச்சகத்துக்குக் காசு கட்டி, முந்நூறோ ஐந்நூறோ பிரதி எடுத்து, மண்டபம் பிடித்து, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை எல்லாம் நடத்தி, முதற்பிரதி வாங்க ஒரு பெரியவரையும் தேடவேண்டும். பெரும்பாலும் எழுதியவரே பதிப்பாளரும் விற்பனையாளரும். அவருடைய கைக்காசு கரைந்த பிறகுதான் நடுவரின் கண்ணுக்கு அந்தக் கதை தெரிகிறது.

நடுவர் பார்ப்பதும் சராசரியைத்தான். இரண்டு கதை அபாரமாகவும் மீதிப் பத்தும் சுமாராகவும் உள்ள தொகுதி, பன்னிரண்டும் ஒப்பேறக்கூடிய தொகுதியிடம் தோற்றுப்போகும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கூடையோடு எடைபோட்டு விலை சொல்கிற காரியம் இது. எழுதுகிறவரும் இதைப் புரிந்துகொள்கிறார். கூடை நிரம்பவேண்டுமே என்று, தானே ஒதுக்கிவைத்திருந்த பழைய கதையைத் தூசு தட்டிச் சேர்க்கிறார்.

இந்த விதி முன்பே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் என்று நாங்கள் சொல்லும் மூவர் இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன். 1930களில் எழுதத் தொடங்கியவர்கள். 'கலைமகள்' போன்ற தமிழகச் சஞ்சிகைகளிலும், நா. பொன்னையா 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி'யிலும் அவர்களுடைய கதைகள் வந்தன. இலங்கையர்கோன் 1961இல் இறந்தார். அவருடைய 'வெள்ளிப் பாதசரம்' தொகுதி வெளிவந்தது 1962இல். தொகுதி இருந்தால்தான் பரிசு என்ற கணக்கில், அவர் உயிரோடிருந்த காலத்தில் தன் சிறுகதைக்காக எந்த மேடையிலும் ஏறியிருக்க முடியாது. ஆனாலும் வாசகர் அவரை அறிந்திருந்தார்கள். ஒரு நல்ல கதை சஞ்சிகையில் வந்தால் அதைப் பற்றிப் பேச்சு எழும். அன்றைக்கு அந்தப் பேச்சுத்தான் பரிசு.

என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' இன்னும் தெளிவான சான்று. மேடையில் சமத்துவம் பேசும் உயர்சாதிக்காரர், தன்னைத் தேடி வீட்டுக்கு வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே கூப்பிட மனமில்லாமல் வெளியே நிலவில் இருந்து பேசலாம் என்று கூட்டிப்போகிறார். கதை அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துச் சாதியத்தின் நாசூக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் பிடித்ததில்லை. அதே பெயரில் வந்த தொகுதியில் வேறு என்ன கதைகள் உண்டு என்று இன்று பத்து வாசகரிடம் கேட்டால் ஒருவர் சொல்வாரோ தெரியாது. கதை தன் காலில் நிற்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நூற்பரிசு செய்த நன்மையையும் முழுக் கணக்கில் வைக்கவேண்டும். முதலில் டொமினிக் ஜீவா. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். யாழ்ப்பாண நகரில் முடிதிருத்தும் கடையில் தொழில் செய்தபடி எழுதியவர். 1960இல் வெளிவந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. ஆக்க இலக்கியத்துக்குத் தமிழில் கிடைத்த முதற் சாகித்தியப் பரிசு அதுவென்று சொல்வார்கள். இலக்கியம் பண்டிதர் வீட்டு முற்றத்துச் சொத்து என்றிருந்த ஊரில் அந்தப் பரிசு என்ன செய்திருக்கும் என்பதை இன்றைய இளையவர்கள் ஊகிப்பது கடினம். அரசாங்க முத்திரை குத்திய ஒரு காகிதம், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவரை எழுத்தாளர் என்று அழைக்கும்படி ஊரைக் கட்டாயப்படுத்தியது. 1966இல் அவர் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, கடையில் வைத்தும் தெருவில் கொண்டு திரிந்தும் விற்றபோது, அவருக்குப் பின்னால் அந்த அங்கீகாரமும் இருந்தது.

அந்தக் காலத்துப் பரிசுகள் ஊரைச் சண்டைக்கும் இழுத்தன. பேச்சுமொழியில் எழுதப்பட்ட கதைகளை இழிசனர் வழக்கு என்று மரபுவாதிகள் ஒதுக்க, 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அவர்களுக்குத் தத்துவப் பின்புலம் தந்தார்கள். 1963இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் நடந்த சாகித்திய விழா கூழ்முட்டை வீச்சில் குழம்பிய கதையை மூத்த எழுத்தாளர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். முட்டை எறிவதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒரு பரிசு எதை இலக்கியம் என்று ஏற்கிறது என்பது அன்று ஊர்ப் பிரச்சினையாக இருந்தது. இன்று விருது அறிவிப்பு வந்தால் முகநூலில் வாழ்த்துகள் குவிகின்றன. மூன்றாம் நாள் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அ. யேசுராசாவின் 'தொலைவும் இருப்பும் ஏனைய கதைகளும்' 1974இலும், சாந்தனின் 'ஒரே ஒரு ஊரிலே' 1975இலும், குப்பிழான் ஐ. சண்முகனின் 'கோடுகளும் கோலங்களும்' 1976இலும் வந்தன. மூன்றும் சாகித்தியப் பரிசு பெற்றவை. மூவரும் அப்போது முப்பதை ஒட்டிய வயதினர். கோஷம் குறைந்த, தாழ்ந்த குரலில் பேசும் கதைகள் அவை. முற்போக்கு அணியின் வாய்பாட்டுக்குள் அடங்காத யேசுராசா பின்னர் 'அலை' சஞ்சிகையில் அந்த அணியோடு நேரே மோதியவர். அப்படியிருந்தும் பரிசு அவரைத் தேடிப்போனது. அன்றைய நடுவர்கள் புதிய குரலை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வாழ்நாள் சேவைக்கு நன்றி சொல்வதுபோலப் பரிசு கொடுக்கும் பழக்கம் அப்போது முற்றியிருக்கவில்லை.

புத்தகத்துக்குப் பரிசு என்ற முறையை என்னால் முழுவதும் தள்ளிவிட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் வரலாறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990க்குப் பின்னான பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடைக்காமல், பாடசாலைக் கொப்பித் தாளில் சஞ்சிகை அச்சிட்டார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் கைதடிப் பக்கமாக நடந்தபோது, பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிவைத்த கொப்பிகளை யார் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? வாரமலரில் மட்டும் வந்த கதை இத்தனை அழிவிலும் தப்புவது அரிது. நூலாக வந்தது எங்கேயாவது, கொழும்பிலோ கண்டியிலோ ஒரு நண்பரின் அலுமாரியில், ஒரு பிரதியாவது மிஞ்சியது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் வருடி ஏற்றியவற்றில் பல அப்படி மிஞ்சியவைதாம். பரிசு ஆசை காட்டி அச்சிட வைத்த சுமாரான புத்தகங்களும் அந்த வகையில் ஒரு காலத்தின் சாட்சியங்கள். அவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

சரி, கதைக்கே பரிசு தரும் போட்டிகள் இல்லையா? உண்டு, நிறையவே உண்டு. கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கத்தின் 'அக்கா' தினகரன் போட்டியில் முதற்பரிசு பெற்ற கதை. 1964இல் அதே தலைப்பில் கைலாசபதியின் முன்னுரையோடு அவருடைய முதல் தொகுதி வந்தது. போட்டி ஒரு எழுத்தாளரைத் தந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். இன்று போட்டிகளின் வேர் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. பல போட்டிகள் ஞாபகார்த்தப் போட்டிகள். இறந்தவருக்குக் கல்வெட்டு அச்சிடுகிற ஊர் இது. அந்தப் பாசம் இலக்கியப் பக்கமும் திரும்பியதில் தப்பில்லை. 'ஞானம்' சஞ்சிகை நடத்திய புலோலியூர் க. சதாசிவம் ஞாபகார்த்தப் போட்டிக்கு ஒரு பொருத்தமும் இருக்கிறது, அவரே சிறுகதை எழுதியவர். ஆனால் பொதுவாகப் போட்டி என்ற ஏற்பாடு கதையை ஒரு அச்சுக்குள் தள்ளுகிறது. பக்க அளவு, முடிவுத் திகதி, புனைபெயர் எழுதிய உறை, சில வேளை தலைப்பும் கூட. இரண்டாம் பந்தியிலேயே துயரம் பிடிபடவேண்டும், கடைசிப் பந்தியில் கண்ணீர் வரவேண்டும் என்று எழுதுபவருக்குத் தெரிந்துவிடுகிறது. 2009க்குப் பிறகு காணாமற்போன மகனின் படத்தோடு காத்திருக்கும் தாய் எத்தனை போட்டிக் கதைகளில் வந்துவிட்டாள்! அந்தத் தாய் உண்மையானவள், வீதியோரத்தில் இன்றும் இருக்கிறாள். ஆனால் கதைக்குள் அவள் முகமில்லாதவளாகிவிட்டாள். 1989இல் வந்த ரஞ்சகுமாரின் 'மோகவாசல்' தொகுதியிலுள்ள 'கோசலை'யைப் படித்தவர்களுக்கு இந்தத் தேய்மானம் உடனே புரியும். அந்தத் தாய்க்கு வீடு இருக்கிறது, மண் இருக்கிறது, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சுபாவம் இருக்கிறது.

போட்டிக்கென்று எழுதப்படாத, ஆனால் தனிக் கதைக்குத் தரப்படும் பரிசு ஒன்றை வேறு நாட்டில் பார்க்கலாம். எஸ்தோனியா எங்கள் வட மாகாணத்தைவிடக் கொஞ்சமே கூடிய சனத்தொகை கொண்ட நாடு, ஏறக்குறைய 13 லட்சம் பேர். 1923இல் 'லோமிங்' சஞ்சிகையைத் தொடங்கிய ஃப்ரீடேபெர்ட் துக்லாஸ் தன் பெயரிலேயே ஒரு சிறுகதைப் பரிசை ஏற்படுத்தினார். 1971இல் அது முதற்தடவை வழங்கப்பட்டது. அதே ஆண்டு அவர் இறந்தார். முந்திய ஆண்டில் வெளிவந்தவற்றிலிருந்து இரண்டு கதைகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். சோவியத் காலம் போய்ச் சுதந்திரம் வந்த பிறகும் பரிசு தொடர்கிறது. ஸ்டாலின் காலத்தில் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டுப் பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர் துக்லாஸ். அரசியல் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாக்குப்பிடிக்கும் பரிசாக அவர் விட்டுப்போனது மிகச் சிறிய, மிகத் தெளிவான ஒரு விதியை: நல்ல கதை எது?

இதை இறக்குமதி செய்யத் தேவையில்லை. கொழும்பை மையமாகக் கொண்ட 'தகவம்' என்ற தமிழ்க் கதைஞர் வட்டம் இதே வேலையைச் செய்திருக்கிறது. பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் வெளிவந்த கதைகளைக் காலாண்டுக்கு ஒருமுறை வாசித்து, அவற்றில் நல்லவற்றைத் தேர்ந்து பரிசளித்தது. பரிசுக் கதைகளைத் தொகுத்தும் வெளியிட்டது. எழுத்தாளர் விண்ணப்பிக்கவேண்டாம், ஐந்து பிரதி அனுப்பவேண்டாம். வாசிக்கிற பாரம் நடுவருடையது. பரிசு வழங்கும் முறைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அதற்குக் கிடைத்த பொதுக் கவனமோ சாகித்திய விருதுக்குக் கிடைப்பதில் பத்திலொரு பங்குகூட இருக்காது. ஒரு கதைக்குக் கிடைத்த பரிசை வைத்து நூலகங்களுக்குப் பிரதி விற்க முடியாது, அட்டையில் முத்திரை பதிக்கவும் முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

செங்கை ஆழியான் வேறொரு வழியில் இதே பணியைச் செய்தார். 'ஈழகேசரி', 'மறுமலர்ச்சி', 'மல்லிகை' ஆகியவற்றின் பழைய இதழ்களைப் புரட்டி, கதைகளைத் தேர்ந்து தொகுதிகளாக்கினார். அவருடைய தெரிவோடு எனக்கு ஒத்துப்போகாத இடங்கள் பல. கதைக்களம் ஊரை ஒட்டியிருந்தால் அதற்கு மதிப்பெண் கூட்டிவிடுவார். என்றாலும், எந்தக் கதை ஏன் நிற்கிறது என்று ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பேற்றுச் சொன்னார். எங்கள் பரிசுகளில் காணாத விடயம் அதுதான். நடுவர் மூவர் யார் என்று சில வேளை தெரியவரும். அவர்கள் என்ன காரணம் கண்டார்கள் என்பது தெரியவருவதில்லை. எழுதுகிறவரும் முன்னுரை எழுதுகிறவரும் நடுவரும் ஒரே நாலைந்து கூட்டங்களில் சந்திக்கிற சிறிய ஊரில், காரணம் சொல்லாத தீர்ப்பு சந்தேகத்துக்கே உரமாகும். இரண்டு பக்க நடுவர் குறிப்பை அச்சிட எந்தத் திணைக்களத்துக்கும் பெரிய செலவில்லை.

தனிக் கதைக்கு ஒரு பரிசை நாளைக்கே தொடங்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், நடுவர் எதை வாசிப்பது என்பதில் சிக்கல் காத்திருக்கிறது. நாளிதழ்களின் ஞாயிறு இலக்கியப் பக்கம் சுருங்கிவருகிறது. 'மல்லிகை' நின்று பத்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அல்லைப்பிட்டியில் பிறந்து பாரிஸில் வாழும் ஷோபாசக்தியின் கதை இணையத்தில் வருகிறது, பிறகு தமிழகத்தில் நூலாகிறது. அதை எந்த ஆண்டின், எந்த நாட்டின் கணக்கில் சேர்ப்பது? யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட அவருடைய கதை இந்த ஊர்ப் பரிசுக்கு உரியதா, இல்லையா? இந்தக் கேள்விக்கு விதி எழுதப்போகிறவர் முதலில் அச்சகத்தின் முகவரியைப் பார்ப்பதை நிறுத்தவேண்டியிருக்கும்.