பூட்டிய பெட்டியும் படியெடுத்த ஏடும்

சேர்த்தல், காத்தல் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. வணிகனுக்கு இது அன்றாடப் பாடம். கிடங்கு நிறையச் சரக்கு இருப்பதால் மட்டும் ஒருவன் வியாபாரி ஆகிவிடுவதில்லை. எந்த மூலையில் என்ன இருக்கிறது, அது யார் கைக்குப் போக வேண்டும் என்று அறிந்தவனே வியாபாரி. பிரேசர் டவுனில் பல்லாண்டுகளாகப் பாத்திரக் கடை நடத்திக்கொண்டு, கிடைத்த நேரத்தில் ஏடும் எழுத்தும் தானாகப் படித்துவந்தவன் நான். இன்று நம்மவரிடையே பெருகிவரும் ஒரு பழக்கத்தை இந்த வணிக அளவுகோலால் அளந்து பார்க்க விரும்புகிறேன். இசைத்தட்டு, கேசட், சி.டி., டி.வி.டி. ஆகியவற்றை விடாப்பிடியாகச் சேர்த்துக்கொண்டே போகும் பழக்கம்தான் அது.

"எல்லாம் போன்லயே வருது. இன்னும் எதுக்கு இந்தக் குப்பை?" என்று வீட்டார் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சேர்ப்பவர் பதில் சொல்லாமல் இன்னொரு அலமாரி வாங்குகிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயம் பொய்யானதா?

தட்டுகளின் காலம் முடிகிறது என்பதற்குச் சான்றுகள் வெளிப்படை. வீடியோ கேசட் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் அதை நிறுத்தியது. தபாலில் டி.வி.டி. அனுப்பித் தொழிலைத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை முடித்துக்கொண்டது. பதிவு செய்யக்கூடிய புளூ-ரே தட்டுத் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனி கைவிட்டது. ஆனால் இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2022-இல் அமெரிக்காவில் விற்ற வினைல் இசைத்தட்டுகளின் எண்ணிக்கை சி.டி.க்களைத் தாண்டியது. 1987-க்குப் பிறகு இப்படி நடந்தது அதுவே முதல்முறை. நம் சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுச் சந்தையில் இளைஞர்கள் தரையில் உட்கார்ந்து பழைய தட்டுகளைப் புரட்டுவதை நானே பார்க்கிறேன். பொருள் அருகும்போது அதன்மேல் ஆசை கூடுவது உலக இயல்பு.

ஆனால் வெறும் ஆசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இணையத்தில் நாம் காசு கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் பார்க்கும் அனுமதி மட்டுமே. பொருள் நம் கைக்கு வருவதில்லை. 2009-இல் அமேசான் நிறுவனம், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கூறி, அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டும் உண்டு. நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் 2024 ஜனவரியில் அங்கிருந்து எடுக்கப்பட்டது. படம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். நேற்று இருந்தது இன்று இல்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. வருஷக்கணக்காக அதில் பாட்டுகளைத் தேடித் தேடி அடுக்கியவர்களின் உழைப்பு அதோடு போயிற்று.

வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு இந்தப் பயத்தில் கூடுதலாக ஒரு சரடு உண்டு. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினை முற்றிய நாட்களில் இந்த ஊர்த் திரையரங்குகளில் தமிழ்ப் படங்கள் நின்றன. 2016-இல் கேபிளில் தமிழ்ச் சேனல்களும் மறைந்தன. அத்தகைய நாட்களில் வீட்டுக்குள் தமிழ் ஒலித்தது, அலமாரியில் ஏதோ ஒரு தட்டோ கேசட்டோ இருந்ததால்தான். யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. கன்னட மக்களோடு கலந்து வாழ்ந்தே நாம் இங்கு மூன்று தலைமுறை கண்டோம். ஆனாலும் வெளியிலிருந்து வரும் கம்பியை வெளியிலிருப்பவர் துண்டிக்க முடியும் என்பது நமக்குப் பட்டறிவு. ஆகவே, சேர்ப்பவரைப் பைத்தியம் என்று சொல்ல நான் ஒருப்படேன்.

எங்கே அது நோயாகிறது?

சமண நெறியில் இல்லறத்தாருக்கு உரிய ஐந்து விரதங்களில் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. இவ்வளவு போதும் என்று அவரவரே ஓர் அளவு கட்டிக்கொள்வது அதன் நடைமுறை. 'தத்துவார்த்த சூத்திரம்' இயற்றிய உமாசுவாமி, பற்றுடைமை என்பதைப் பொருளைக் கொண்டு வரையறுக்கவில்லை. பொருளின்மேல் மனம் கொள்ளும் மயக்கத்தைக் கொண்டே வரையறுக்கிறார். எனவே ஆயிரம் தட்டு வைத்திருப்பவர் பற்றற்றவராகவும், பத்துத் தட்டு வைத்திருப்பவர் மயங்கியவராகவும் இருக்கக்கூடும். எண்ணிக்கை இங்கே அளவுகோலாகாது.

அப்படியானால் எது அளவுகோல்? மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். பட்டியல் உண்டா? ஓட்டிக் கேட்டதுண்டா? பிறருக்குப் படி கொடுத்ததுண்டா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால், அலமாரியில் இருப்பது என்னைப் பொறுத்தவரை விற்காத சரக்கு. ஒரே படத்தின் டி.வி.டி. மூன்று, மூன்றும் கண்ணாடித் தாள் பிரிக்காமல். வீட்டில் அதை ஓட்டும் கருவியே கிடையாது. இப்படிப்பட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் அவர். நூல்களோடு இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் என்று மற்றவர் கசக்கி எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அக்கம்பக்கத்தார் அவரையும் பித்துப் பிடித்தவர் என்றே நினைத்திருக்கக்கூடும். ஆனால் அவர் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினார். தேடிவந்த ஆய்வாளர்களுக்குத் திறந்து காட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடந்து கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்தது. 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பிலிம் நியூஸ் ஆனந்தனும் இவ்வரிசையில் வருபவர். படங்களின் விவரங்களை ஆண்டுவாரியாகக் குறித்துவைத்த அவருடைய நோட்டுகள் இல்லையேல் தமிழ்த் திரை வரலாற்றில் பாதி வாய்மொழிக் கதையாகவே நின்றிருக்கும்.

பூட்டு காக்குமா, படி காக்குமா?

பூட்டி வைத்ததால் பிழைத்த பொருளும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1933-இல் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப்படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கால் முடங்கி, அந்நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரம் புத்தக நிலையத்தாரிடம் கிடந்தது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த மற்றப் படங்கள் அழிந்தன. ஓடாத இது தப்பியது. ஆனால் 1974-இல் புணே தேசியத் திரைப்படக் காப்பகம் அதைக் கண்டெடுக்காமல் இருந்திருந்தால் அதுவும் பொடியாகியிருக்கும். பூட்டு காலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. காப்பாற்றியது தேடிவந்த கைதான்.

நம் கர்நாடகத்திலேயே இதற்குப் பெரிய சான்று மூடபித்ரி. ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் எழுதிய 'தவளா' உரை, பல நூற்றாண்டுகள் அங்கே ஒரே இடத்தில் ஓலையில் இருந்தது. அடியார்கள் தரிசித்தார்கள், படித்தவர் அரிது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் வேலை தொடங்கியது. அதில் ஒரு படி, காவலர்களுக்குத் தெரியாமலே வெளியே சென்றது. அதன் வழியாகவே ஹீராலால் ஜைன் 1939 முதல் அந்நூலை அச்சிட முடிந்தது. களவு என்று சிலர் வருந்தினார்கள். அந்தப் படி போகாதிருந்தால் ஒரு கரையான் புற்று போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

இதற்கு மாறாக அத்திமப்பையை நினைத்துப் பாருங்கள். 10-ஆம் நூற்றாண்டில் இக்கன்னட நாட்டில் வாழ்ந்த இந்த அம்மையார், பொன்னனின் 'சாந்திபுராணம்' அழிந்துவிடக் கூடாதென்று 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார். தம் வீட்டில் ஒரு படியைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு திருப்தியடையவில்லை. உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றுக்கு இணையாகச் சாத்திர தானத்தையும் சமணர் வைத்ததன் பொருள் இதுவே. உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்க முடிந்ததும், யார் யாரோ பல காலம் படியெடுத்து வைத்திருந்ததால்தான்.

தராசு காட்டிய உண்மை

இனி என் முதன்மையான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சேர்ப்போர் பலர், எது வேறெங்கும் கிடைக்குமோ அதைப் பொன்போல் வைக்கிறார்கள். எது தம்மிடம் மட்டுமே உள்ளதோ அதைக் குப்பைபோல் வைக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு தமிழ்ப் பெரியவர் காலமானார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் என்னை அழைத்தார். "அங்கிள், நீங்க விஷயம் தெரிஞ்சவங்க. எதை வெச்சுக்கலாம், எதைத் தள்ளலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். சினிமா இசைத்தட்டுகள் உறையிட்டு அகர வரிசையில் இருந்தன. அவற்றை ஒரு சேகரிப்பாளர் வந்து, நல்ல விலை கொடுத்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துப் போனார். கீழ்த்தட்டில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகள். சிலவற்றில் பால்பாயிண்ட் பேனாவால் 'அம்மா 84', 'கவியரங்கம்', 'ஊர்க் கல்யாணம்' என்று இருந்தது; பலவற்றில் ஒன்றுமே இல்லை. நாம் இங்கே குஜிரி என்று சொல்லும் பழைய சாமான் கடைக்கு அவை எடைக்குப் போகவிருந்தன.

ஒன்றையாவது கேட்டுவிடலாம் என்றேன். டேப் ரெக்கார்டரின் உள் பெல்ட் தார்போல உருகியிருந்தது; மாற்றி ஓட்ட இரண்டு நாள் ஆயிற்று. 'அம்மா 84' பேசியது. வெளிநாட்டில் வேலைக்குப் போன பிள்ளைக்கு ஒரு தாய் அனுப்பிய பேசும் கடிதம் அது. மல்லாட்டை என்ன விலை போயிற்று, மாடு எப்போது கன்று ஈன்றது, கிணற்றில் எத்தனை படி தண்ணீர் என்று திண்டிவனத்துப் பக்கத்துத் தமிழில் முப்பது நிமிடம் சொன்னார். மகன் நின்றபடியே கேட்டார். பின்பக்கம் திருப்பிப் போட்டோம். அந்தப் பக்கமும் அம்மா பேச்சாகத்தான் தொடங்கியது. இரண்டு வாக்கியம் கழித்து 'டக்'கென்று அறுந்து, சினிமாப் பாட்டு வந்துவிட்டது. யாரோ மேலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

வாசக அன்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன். அந்தப் பாட்டு இன்று எல்லார் போனிலும் இருக்கிறது. நாளை ஒரு தளம் நீக்கினாலும் இன்னொரு தளத்திலோ, தட்டு சேர்ப்பவர் ஆயிரம் பேரில் ஒருவரிடமோ இருக்கும். அந்தத் தாயின் மீதி வாக்கியம் எங்கும் இல்லை. மொழியாராய்ச்சி செய்வோர்க்கும் அது பொன்னான சான்று. இது ஒரு வீட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். சங்கத்துக் கூட்டம், பட்டிமன்றம், கோயில் திருவிழாப் பேச்சு, தாத்தா சொன்ன கதை என்று இந்நகரத் தமிழரின் குரல்கள் பலவும் இத்தகைய பெயரில்லாப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன.

செய்யத்தக்கது

சமணர் சுருத பஞ்சமி என்று ஒரு நாள் கொண்டாடுவர். அன்று ஏடுகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, புதுத் துணியில் கட்டி வைப்பர். வழிபாடு என்ற பெயரில் ஆண்டுக்கொரு முறை இருப்பு எடுக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு தமிழ் வீடும் தன் தட்டுக்கும் கேசட்டுக்கும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம்.

வீட்டில் பதிவு செய்த கேசட்டை முதலில் எடுங்கள்; கடையில் வாங்கியது பிறகு. கேசட்டின் மேல்விளிம்பில் இரு முனையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தகடுகளை ஒடித்துவிடுங்கள். பிறகு அதன்மேல் யாரும் தவறிப் பதிவு செய்ய முடியாது. பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் உடனே ஓட்ட வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே எழுதுங்கள். பின் கணினியில் ஏற்றி மூன்று படி எடுத்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றை வெளியூரில் உள்ள பிள்ளைகளிடமும், குடும்பத்தார் சம்மதித்தால் ஒன்றைச் சங்கத்து நூலகத்திலும் வையுங்கள். பழைய வணிகத் தட்டுகளுக்கும் வழி உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளே. பாடல், இசை ஆகியவற்றின் உரிமையைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் செய்தபின் மீதி நேரத்தில் சினிமாத் தட்டு சேர்ப்பவரை யாரும் குறைசொல்லப் போவதில்லை. பிள்ளைகளும் "எதுக்கு இந்தக் குப்பை?" என்று கேட்க மாட்டார்கள். நோட்டைப் புரட்டி, "பாட்டி குரலைப் போடுங்க" என்பார்கள்.